வந்துபோனவர்கள் பட்டியல்

திருப்பதியில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். இன்னும் பேருந்து நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் ஆட்டோக்காரர்கள், "கொண்டக்கா சாமி?" என்று, மலைக்கா போகிறாய் எனக் கேட்கிறார்கள். நேற்று நான்கு பேர். கீரைக்கட்டோடு நடக்கிறவன் எந்த மலைக்குப் போவான்? வெளியூர் முகம் உள்ளவன் நாளைக்குப் போய்விடுவான் என்பது இந்த ஊரின் நம்பிக்கை.

துறையூரில் ஆசிரியராக ஓய்வு பெற்று, மகனுக்கு இங்கே வேலை என்பதால் வந்தேன். வெளியூரில் குடியேறிய உங்களில் பலர் வீட்டுக்கு உறவினர் வருவதே அபூர்வமாக இருக்கும். திருப்பதியில் வீடு என்றால் நிலைமை வேறு. ஊரில் யாருக்கு மொட்டை என்றாலும் இறங்குமிடம் எங்கள் மூன்றாம் மாடிதான். இதுவரை அறுபத்து மூன்று முறை, இருநூற்றுப் பதினான்கு பேர். இந்த எண்ணிக்கை எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

என் அக்கா செல்லம்மாளின் கொள்ளுப்பேத்திக்கு மொட்டை போட நாள் குறித்தார்கள். தரிசன டிக்கெட்டுக்கு எல்லோருடைய ஆதாரும் வேண்டும். ஆளாளுக்குப் போனில் அனுப்பினால் குழம்பும் என்று மருமகள் இணையத்தில் என் ஃபோல்டருக்குள் ஆதாருக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் திறந்து கொடுத்தாள். "லிங்க்கை அனுப்பிடுங்க மாமா, அவங்களே போட்டுக்குவாங்க." அந்த உள் ஃபோல்டரின் லிங்க்கைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். நானோ வெளி ஃபோல்டரின் லிங்க்கை, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற அனுமதியோடு, நாற்பத்தொரு பேர் இருக்கும் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். என் பட்டியலும் அதில்தான் இருந்தது.

யார் வந்தார்கள், எத்தனை இரவு, எத்தனை வாளி வெந்நீர், கடைசியில் குறிப்பு. அக்காவுக்கு நேரே எழுதியிருந்தேன்: "நால்வர். மூன்று இரவு. காலையில் குளியலறையை நாற்பது நிமிடம் அடைத்துக்கொள்கிறார். வெறுங்கையோடு வந்தார்."

புதிதாக ஒரு வரி சேர்க்கப் பட்டியலைத் திறந்தேன். மேல் ஓரத்தில், பார்ப்பவர்களின் முதலெழுத்துகள் வட்டங்களாகத் தெரிந்தன. ஏழு. ஆதார் போடுகிறார்கள் என்று மகிழ்ந்தேன். என் கண்ணெதிரே, அக்கா குறிப்பின் கீழ் எழுத்துகள் முளைத்தன. அக்கா மகள் இந்திரா: "அம்மாவுக்கு முழங்கால் மடங்காது மாமா. இனிமே லாட்ஜ்லயே தங்கிக்கிறோம்."

அனுமதியை மூடினேன். படித்ததை மூட முடியாது. தவறான ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டேன் என்று எதிர்வீட்டுத் தெலுங்குக்காரரிடம் புலம்பினேன். "ஏமி காது சார், ஆதார் லாக் செய்யண்டி, சாலு" என்றார். ஒன்றும் ஆகாது, ஆதாரைப் பூட்டினால் போதுமாம். என் பயம் ஆதாரைப் பற்றியது என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

திருச்சியில் ஆசிரியர் பயிற்சி படித்த இரண்டு ஆண்டுகளும் அக்கா வீட்டில் இருந்தேன். ஒரே அறை. நான் போனபோது அவளுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். நான் விளக்கு வைத்துப் படிக்க வேண்டும் என்று அத்தான் தன் சைக்கிள் கடையில் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த இரவுகளை யாரும் எழுதி வைக்கவில்லை.

சொன்னபடியே ரயிலடி லாட்ஜில் இறங்கினார்கள். தரிசனம் முடிந்த மறுநாள் பார்க்கப் போனேன். வாசல் மேசையில் இருந்தவர் தமிழ் பேசும் நகரிக்காரர். அவர் நீட்டிய நோட்டில் ஊர் திருப்பதி, பார்க்க வந்தது அக்காவை என்று எழுதினேன்.

"லோக்கலா நைனா நீ? அப்ப உங்கக்கா இன்னாத்துக்கு ரூம் எடுத்துக்கினு கீறாங்க?"

"வீட்டில இடம் பத்தல."

"அக்காவுக்கே எடம் பத்தலியா. சரி, மேல போ."

எங்களுடையது மூன்று படுக்கையறை வீடு.

அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து லட்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். "வாடா. இங்க வெந்நீர் கொழாயிலேயே வருது. வாளிக்கணக்கு இல்ல."

இந்திரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, நான் எழுதினது..."

"பொய்யா எழுதிட்டே? வெறுங்கையோடதானே வந்தேன்."

"வீட்டுக்கு வாங்கக்கா."

"அடுத்த தடவ பாக்கலாம்டா. ரயிலுக்கு நேரமாச்சு."

ஊரில் கொடுக்க வேண்டியவர்களின் பெயர்களை இந்திரா பொட்டலங்கள் மேல் எழுதியிருந்தாள். பால்காரர், தையல்காரர், எதிர்வீடு. பதினேழு. நான் எழுந்தபோது அக்கா அவற்றைக் கிளறி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதில் என் பெயர் இருந்தது. திருப்பதிக்கு வர முடியாதவர்களுக்கென்று கட்டிய லட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு, மலை நேரெதிரே தெரியும் தெருவில் வீட்டுக்கு நடந்தேன்.