எந்தக் கை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பேட்மின்டன் ஆடிய காலமெல்லாம் எதிராளியின் நெஞ்சைக் குறிவைத்து அடிப்பவன் என்று என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். அதை நான் எந்தப் பயிற்சியாளரிடமும் கற்கவில்லை, நெஞ்சில் அடி வாங்கிக் கற்றேன்.

எழுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஆலையில் எனக்கு வேலை. பத்தொன்பது வயது. ஆலையின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, தோட்டத்தின் உதவி மேலாளரான சின்ன துரை வலை கட்டியிருந்தார். கிளப் போட்டிக்குப் பழக அவருக்கு ஓர் ஆள் வேண்டும். உயரமானவன் என்று என்னைக் கூப்பிட்டு, நரம்பு தளர்ந்த ராக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

என் தொடை, விலா, நெஞ்சு என்று பார்த்துப் பார்த்து அடிப்பார். சுருண்டால் சிரிப்பார். திருப்பி அடிக்க என்னால் முடியும், ஆனால் கால்கள் ஒத்துழைக்காது. எங்கள் தோட்டத்தில் துரை எதிரே வந்தால் பாதையை விட்டு, ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். அப்படியே பழகிய கால்கள், அவர் வலையருகே வந்தாலே தானாக ஒதுங்கின.

ஒரு நாள், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு அம்மா கொஞ்சம் பிந்திப் போனாள். சின்ன துரை அவள் கூடையைப் பூட்ஸ் காலால் உதைத்தார். கூடையோடு அவளும் படிக்கட்டில் உருண்டாள். யாரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட.

அன்று பின்னேரம் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். போனேன். அவர் வலையருகே வந்தார். என் கால்கள் அசையவில்லை. உயர வந்த பந்தை அவர் முகத்தில் அடித்தேன். கண்ணைப் பொத்திய விரல்களுக்கிடையே இரத்தம் வழிந்தது. சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் அதை மறைக்க மாட்டேன்.

அவரைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணக்கப்பிள்ளையும் இரண்டு காவல்காரர்களும் தேயிலைப் பெட்டிப் பலகையால் என்னை அடித்தார்கள். பல் உதட்டைக் கிழித்தது. மூவரில் ஒருவரும் நான் ஆடுவதைப் பார்த்ததில்லை.

“எந்தக் கையாலடா அடிச்ச?” என்று கணக்கப்பிள்ளை கத்தினார்.

ஆலை அடுப்புக்கு விறகு போடும் அப்பா அப்போது ஓடி வந்தார். நான் வாய் திறக்குமுன் என் இடது கையைப் பிடித்து இழுத்தார்.

“இந்தக் கைதாங்கய்யா. போலீசெல்லாம் வேணாங்கய்யா. நானே ஒடைக்கிறேன்.”

மணிக்கட்டை வாசற்கல்லில் வைத்து விறகுக்கட்டையால் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. “போதும்” என்று கணக்கப்பிள்ளை நகர்ந்தார்.

லயத்தில், எங்கள் ஒற்றை அறையில், அம்மா மூங்கில் தப்பை வைத்துக் கட்டினாள். அப்பா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தொரைக்கு வாலாட்டுற நாயி நீ” என்று சொல்லி, வலது கையால் அவர் வாயில் அறைந்தேன். முன்பல் ஒன்று கீழே விழுந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

தோட்டத்துப் பதிவிலிருந்து எங்கள் பெயர்களை வெட்டிவிட்டார்கள். ஏற்கெனவே விண்ணப்பித்திருந்த இந்தியக் கடவுச்சீட்டு வந்ததும் தலைமன்னாரில் கப்பலேறினோம். கப்பலில்தான் அம்மா சொன்னாள்: “சோத்துக் கைய ஒடச்சிருந்தா, தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திய எதுல புடிப்ப? அவனுக மறுபடி கேக்குறதுக்குள்ள மனுசன் முந்திக்கிட்டாரு.” அப்பா நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து அவரிடம் போக எனக்குத் துணிவில்லை.

கோவையில் மில் வேலை, மில் அணி, பிறகு மாநில அணி. எண்பதுகளில் இந்தியாவுக்காகவும் ஆடினேன். வளைந்த இடது கையால் பந்தைச் சாய்த்துத்தான் பிடிக்க முடியும். அதனால் என் சர்வீஸ் எங்கே விழும் என்று எதிராளிக்குப் பிடிபடாது. அதை என் திறமை என்றார்கள்.

கோவையில் நான் ஆடிய கடைசிப் போட்டிக்கு அப்பா வந்தார். கோப்பையோடு அவர் முன் போய் நின்றேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் இடது மணிக்கட்டைப் பிடித்து, கோணல் எலும்பைக் கட்டைவிரலால் தடவினார்.

“மழைக்கு வலிக்குதாப்பா?”

வலிக்கும். “இல்லப்பா” என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் சிரித்துவிட்டார். முன்பல் இருந்த இடம் காலியாக இருந்தது.