வட்டகொடை மலையில் வழுக்கிய கிளட்ச்

ஐம்பத்தேழாம் வருஷத்து ஜூலை, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வட்டகொடை ஸ்டேஷனில் நான் இறங்கியபோது நல்ல மழை. கையில் கருவிப் பெட்டி. சாக்கில் சுற்றிய புதுக் கிளட்ச் தட்டும் ஒரு பேரிங்கும். வழியில் கொட்டகலையில் ஐந்து சதத்துக்கு ஒரு பிளேன்டீ குடித்திருந்தேன். நல்ல தூளெல்லாம் கப்பலேறிவிடும், விளைகிற ஊருக்குத் தூசிதான் மிச்சம் என்பார்கள். அது பொய்யில்லை.

நான் கொழும்பில் ஒரு மோட்டார் பட்டறை மெக்கானிக். ஸ்டேஷனிலிருந்து நான்கு மைல் மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து ஜீப், நான்கு மாதத்தில் இரண்டு கிளட்ச் தட்டுகளைத் தின்றுவிட்டிருந்தது. தோட்டத்துத் துரை எங்களுக்கு எழுதிய கடிதத்தில் தீர்ப்பையும் அவரே எழுதியிருந்தார். டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை. மெக்கானிக் வந்து பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்தால், அவனுக்குப் பத்துச்சீட்டு, அதாவது வேலைநீக்கச் சீட்டு, கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிடலாம்.

என்னை அழைத்துப்போக அந்த டிரைவரே வந்திருந்தார். பெயர் சவரிமுத்து. நாற்பது வயதிருக்கும், கழுத்தில் ஜெபமாலை, வெறுங்கால்.

"வாங்கய்யா. பெட்டிய குடுங்க" என்றார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

முதல் மைல் தார் ரோடு. பிறகு கல்லுப் பாதை. ஏற்றத்தில் இன்ஜின் ஊரைக் கூட்டியதே தவிர வண்டி வேகம் பிடிக்கவில்லை. கருகிய நாற்றம் வேறு. நிறுத்தச் சொன்னேன். ஹேண்ட்பிரேக் கம்பி தொய்ந்துபோயிருந்ததால் அவர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். மூன்றாம் கியரைப் போட்டுக் கிளட்ச்சை மெல்ல விடச் சொன்னேன். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றுபோக வேண்டும். இது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிடிமானமே இல்லை.

அடுத்தது சத்தம். கியர் இல்லாமல் நிறுத்தி மிதியை அமுக்கினால் கிறீச்சென்று கத்தியது. காலை எடுத்தால் அடங்கிவிட்டது. அப்படியென்றால் கியர்ப்பெட்டியில் கோளாறில்லை, மிதியோடு சேர்ந்து வேலை செய்யும் பேரிங்தான் போயிருக்கிறது. புறப்படும்போது அடியில் கேட்ட 'டொக்' வெறும் கிரீஸ் இல்லாத மூட்டு. தட்டும் பேரிங்கும் சேர்ந்தே தேய்ந்திருக்கின்றன. யாரோ மிதியிலிருந்து காலை எடுப்பதே இல்லை.

மிச்சத் தூரம் முழுக்க சவரிமுத்துவின் இடது காலையே பார்த்துக்கொண்டு போனேன். கியர் மாற்றியதும் ஒவ்வொரு தடவையும் அது ஒழுங்காகத் தரைக்கு வந்தது. எனக்குக் குழப்பம்.

"வேற யார் இந்த வண்டிய ஓட்டுறாங்க?" என்று கேட்டேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, லயத்துல எங்க காம்பரால ஆறு உசுரு இருக்கு. வேல போனா அந்தக் காம்பராவும் போயிரும். என்னையக் கேக்காதீங்க. நாளைக்கு காலைல பெரட்டுக்கு வந்து நீங்களே பாருங்க."

புதன், காலை ஆறு மணி. பெரட்டு என்பது ஆள்கணக்கு எடுத்து வேலை பிரித்துக் கொடுப்பது. இந்தத் தோட்டத்தில் அதற்கான களம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பக்கத்தில் ஒரு சரிவு. இருநூறு பேர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு மழையில் நின்றார்கள். துரை ஜீப்பைத் தானே ஓட்டி வந்தார். பெரட்டுக்கு மட்டும் அவர்தான் ஓட்டுவாராம். இறங்கவில்லை, பெரட்டில் துரை இறங்குகிற வழக்கமில்லை. ஹேண்ட்பிரேக்கையும் தொடவில்லை. மேட்டைப் பார்த்தபடி, கிளட்ச்சைப் பாதி மிதித்து, பெட்ரோலைக் கொடுத்து வண்டியைப் பின்னால் உருளவிடாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, முந்தின நாள் கொழுந்து குறைந்ததற்காக எல்லாரையும் ஏசினார். என் கடிகாரத்தில் பதினெட்டு நிமிடம். பேரிங் அலறியது. அவ்வளவு பேருக்கும் கேட்டது. தட்டைத் தின்றது யார் என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

அன்று பகல் முழுக்க நானும் சவரிமுத்துவும் கியர்ப்பெட்டியை இறக்கி வேலை பார்த்தோம். தட்டு ரிவிட்டு வரை தேய்ந்திருந்தது. எண்ணெய்க் கசிவு இல்லை, சூட்டில் கருகியதுதான். புதியவற்றைப் பூட்டி, ஹேண்ட்பிரேக்கையும் இறுக்கி, மூட்டுக்கு கிரீஸ் வைத்தேன்.

மாலையில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். இந்தத் துரை எங்கள் பட்டறையின் வாடிக்கைக்காரர். பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது. "டிரைவர் மீது தவறில்லை. வண்டியைச் சரிவில் கிளட்ச்சிலேயே பிடித்து நிறுத்துவதால் தேய்கிறது. ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தவும்" என்று எழுதினேன். யார் நிறுத்துகிறார் என்று எழுதவில்லை. அதிலும் அதட்டல் தொனிப்பதாகப் பட்டதால், "இயலாவிடில் சம தரையில் நிறுத்தவும்" என்று மரியாதைக்கு ஒரு வரி சேர்த்தேன்.

துரை படித்தார். காது சிவந்தது. "சவரிமுத்து, நீ வேலைக்குப் போ" என்றார், அவ்வளவுதான். வெளியே வந்ததும் சவரிமுத்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டிலிருந்து ரொட்டியும் சம்பலும் வந்தன. அன்றைக்கு நான் கர்வத்தோடுதான் தூங்கினேன்.

வியாழன், காலை ஐந்தே முக்கால். பெரட்டுக்கு ஜீப் துரைக்கு வேண்டும் என்பதால், தோட்டத்து லாரியில் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டோம். பாதை நிறையப் பெண்கள் கூடையோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். கொழுந்து பறிக்கும் மலையோ மேலே இருக்கிறது.

"எங்க போறாங்க?"

"பெரட்ட மாத்திட்டாங்கய்யா. இனிமே கீழ பெக்டரி முன்னால முத்தத்துலயாம். தொர உத்தரவு" என்றார் சவரிமுத்து. "அங்கதான் சம தரை."

அரை மைல் இறங்கி, பேர் கொடுத்துவிட்டு, மறுபடி அந்த அரை மைலும் ஏறி மலைக்குப் போக வேண்டும். தினமும்.

வழி விடுவதற்காக லாரி நின்றது. நனைந்த கம்பளியோடு ஒரு பெண் என்னைப் பார்த்து நின்றார்.

"ஜீப்பு பாக்க வந்த ஐயா நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா."

"வண்டிக்கு இப்ப சொகமாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சு" என்றேன். வெட்கமாக இருந்தது.

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.