தஹ்கீக்குக்குப் போன இன்ஷிராஹ்

ஷுப்ரா பேட்டையில் எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடி இன்ஷிராஹைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் "நல்ல பொம்பள" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. எனக்கு எரிச்சலாக இருக்கும். அவள் பால்கனியில் நின்று கணவர் ஷவ்கத்தின் பழைய காரைப் பார்க்கும் பார்வையை நான் கவனித்திருக்கிறேன். அந்தக் காரை அவர் மகனைக்கூடத் தொட விட்டதில்லை.

பிள்ளைகள் கல்யாணமாகிப் போனதும் அவள் கலாசார மாளிகையில் உளவியல் வகுப்புக்குப் போனாள். தலைப்பு 'தஹ்கீக் அத்தாத்'. எங்கள் அரபியில் தஹ்கீக் என்றால் போலீஸ் விசாரணை. உளவியல்காரர்கள் அதோடு 'தான்' என்று பொருள்படும் 'அத்தாத்'தைச் சேர்த்தால், தனக்குள் இருப்பதை முழுசாக வாழ்ந்து பார்ப்பது.

"அப்படி என்னடி சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டேன்.

"வயிறு நிறைஞ்சு, பயமெல்லாம் தீர்ந்தப்புறமும் உள்ள ஒண்ணு அரிச்சுக்கிட்டே இருக்குமாம். கடைசி வகுப்புல அதை எழுந்து நின்னு சொல்லணுமாம்."

"உனக்கு என்ன அரிக்குது?"

"போடி, சொன்னா நீ சிரிப்பே. அங்கயாவது வாய் வருதான்னு பார்ப்போம்."

அந்தக் கடைசி வகுப்பன்று ஷவ்கத் சீக்கிரமே வந்து மனைவியைத் தேடினார். வாசல் காவல்காரர் அரைகுறையாகக் காதில் வாங்கியதைச் சொன்னார்: "அம்மா தஹ்கீக்குக்குப் போயிருக்காங்க."

மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எங்க?" என்று என்னிடம் கேட்டார். "கலாசார மாளிகையில..." என்றேன். மீதியைச் சொல்வதற்குள் காரைக் கிளப்பிவிட்டார். நானும் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் ஹார்ன் சத்தத்தில் நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

கூடத்தில் இன்ஷிராஹ் தன் முறைக்கு எழுந்து, சொல்ல வாய் வராமல் நின்றுகொண்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த பேராசிரியரைப் பார்த்து ஷவ்கத் கும்பிடாத குறையாகக் கத்தினார்.

"ஐயா, என்ன கேஸா இருந்தாலும் சரி, இவ ஒண்ணுமே பண்ணல! முப்பது வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா? வீட்டை விட்டா இவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஒண்ணுமே பண்ணல!"

கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அதேதாங்க, நான் ஒண்ணுமே பண்ணல" என்றாள், அவரிடம் கை நீட்டி. "சாவியக் குடுங்க. எனக்கு கார் ஓட்டணும்."

அவர் பேராசிரியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் சட்டைப் பையைத் தடவினார்.

மாளிகைக்குப் பின்னால் காலி மைதானம். கார் குலுங்கி நின்றது, மறுபடி குலுங்கி நகர்ந்தது.

"பார்த்து, பார்த்து! சுவர், சுவர்!" என்று அலறினார் ஷவ்கத்.

"சும்மா வாயை மூடிக்கிட்டு உக்காருங்க" என்றாள் அந்த நல்ல பொம்பளை.