மாமாவின் இடது பக்கம்

எங்கள் வீட்டில் ஒருவர் இந்தியாவுக்காக ஆடினார் என்று சொன்னால், கிரிக்கெட்டா என்றுதான் கேட்பார்கள். ஹாக்கி என்றதும் "ஓ" என்று முடித்துக்கொள்வார்கள். அதற்கும் மேல், அவர் கோல்கீப்பர் என்று விளக்குவதற்கு இப்போதெல்லாம் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

அவர் என் தாய்மாமா. பெற்றோர் போனபின் அவரை வளர்த்தது அவருடைய அக்காவான என் அம்மாதான். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்வந்து, அந்தச் சம்பளத்தில்தான் அவருக்கு ஷூவும் மட்டையும் வாங்கித் தந்தார். ஆனால் மாமா எந்த நாட்டில் ஆடினாலும் அம்மா டிவி பக்கம் வரமாட்டார். பந்து தம்பிமேல் வருவதைப் பார்க்க முடியாதாம்.

நான் ஐந்தாவது படித்தபோது, மாமா இடது முழங்காலில் ஆபரேஷன் முடிந்து காஞ்சிபுரம் வந்தார். மாதக்கணக்கில் படுக்கை, ஐஸ்கட்டி, ஓயாத உடற்பயிற்சி. பெங்களூரில் இந்திய அணியின் அடுத்த கேம்ப்புக்குப் போகாவிட்டால் அவர் இடத்துக்கு வேறொரு பையன் வந்துவிடுவான் என்பது எனக்குக்கூடத் தெரியும். காலையில் தெருவை அடைத்துத் தறிக்குப் பாவு நூல் விரித்திருப்பவர்கள் எல்லாம் கால் எப்படி என்று கேட்பார்கள். "சூப்பரா இருக்குதுபா" என்று தாண்டிப்போவார் மாமா. அதை நம்பித் தெருப் பையன்கள் முனையில் பேனர் கட்டினார்கள். 'இரும்புச் சுவரே, வென்று வா' என்று இருந்தது. அதில் மாமாவின் முகத்தைவிடப் பேனர் கட்டியவர்களின் முகங்கள் பெரிதாக இருந்தன.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, மாமா என்னைப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். பேடுகளை மாட்டிக்கொண்டு இரண்டு கற்களுக்கு நடுவே நின்றார். அந்தப் பேடுகளை மாடியில் காயப்போட்டால், "எலி செத்த மாதிரி நாறுது, எடுத்துக்கினு போடா" என்று அம்மா விரட்டுவார்.

"பாப்பா, என் லெஃப்ட் சைடுல அடி. மெதுவா அடிச்சா போதும்."

என் அடி என்ன பெரிய அடி. பந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். ஆனாலும் மாமா சாய்வார், பாதியில் நின்றுவிடுவார், பந்து உள்ளே போய்விடும். ஒருமுறை கைதவறி மறுபக்கம் பலமாக அடித்துவிட்டேன். என்னைப் பார்த்தபடியே காலால் தட்டிவிட்டார்.

"இந்தப் பக்கம் வேணாம்மா. லெஃப்ட்ல."

ஒருமுறை விழுந்தார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். எழுந்திருக்கத்தான் நேரமானது. அப்புறமும் "இன்னொண்ணு" என்றார். கை ஓயும்வரை அடித்தேன்.

வீட்டில் அம்மா ஷிப்டு முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல் மாமாவின் பயணத்துக்குப் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மாமாவுக்கு நான் எவ்ளோ கோல் போட்டேன் தெரியுமா? ஒண்ணுகூட புடிக்கல."

கரண்டி நின்றது. "எந்தப் பக்கம்டி?"

"எல்லாமே லெஃப்ட்தாம்மா."

அம்மா தம்பியைப் பார்த்தார். மாமா ஷூ நாடாவை அவிழ்த்தபடி, "நல்லா அடிக்கிறாக்கா" என்றார்.

அம்மா அடுப்பை அணைத்தார். "வுட்றா. போதும். வந்து சாப்புடு."

பயணத்துக்குக் கிளறியதை நாங்களே சாப்பிட்டோம். எனக்குப் புளிசாதம் என்றால் உயிர், அதனால் எனக்குச் சந்தோஷம்தான். மறுநாள் காலை மாமாவின் பை மூலையிலேயே இருந்தது. கேட்டதற்கு, லீவை நீட்டித்திருப்பதாக அம்மா சொன்னார்.

இந்திய கோல்கீப்பருக்கே கோல் போட்டேன் என்று தெருவில் பீற்றிக்கொண்டேன். ஒருவரும் நம்பவில்லை. சாட்சி சொல்ல மாமாவையே இழுத்துவந்தேன். அவர் பேனருக்குக் கீழே நின்று, "ஆமாம்பா, போட்டா. என்னால ஒண்ணுகூட தடுக்க முடியல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்காகத்தான் மாமா இவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார் என்று நினைத்து, நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த முழங்காலைப் பற்றி அவர் ஊருக்குச் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.