சிவப்பு ஒட்டு போட்ட போத்தல்

எங்கள் வீட்டு ஆயுதபூசையில் சந்தனப் பொட்டு வாங்காமல் தப்பித்தது பூனை மட்டும்தான். அதுவும் விடிந்ததும் விடியாததுமாகத் தேயிலைக்குள் ஓடிப் போனதால்தான் தப்பித்தது. அப்பா ஓட்டும் கொழுந்து லோரி, அம்மாவின் கொழுந்து வெட்டும் கத்தரி, தையல் மிஷின், என் பள்ளிப் புத்தகங்கள், மழைக்கால பூட்ஸ் என்று எதையும் அம்மா விட்டுவைக்க மாட்டார். உழைக்கிற பொருள் எதுவானாலும் வருடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து மரியாதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு எட்டு வயதான வருடம் அந்த வரிசையில் பன்னிரண்டு ஜேம் போத்தல்களும் வந்து உட்கார்ந்தன. அவற்றால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

போத்தல்கள் அத்தையுடையவை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை போன முதல் பெண் அவர்தான். செடிகொடிகளைப் பற்றிப் படித்துவிட்டுப் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு நாற்று நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கியா பார்ம் பக்கம் ஸ்ட்ராபெரி போடுகிறவர்களுக்கும் பூந்தோட்டக்காரர்களுக்கும் அங்கிருந்து நாற்று போகும். செடியின் நுனியில் கடுகளவு வெட்டிப் போத்தலுக்குள் சத்துக்கூழின் மேல் வைத்து மூடிவிட்டால் அது தளிர் விடும். அந்தத் தளிரை வெட்டி வைத்தால் இன்னும் பத்தாகும். கூழ் வேறொன்றுமில்லை, தீபாவளிக்கு அம்மா கிண்டுகிற அகார் அகார் என்னும் கடற்பாசிதான், கூடக் கொஞ்சம் மருந்துகள். மண்ணே இல்லாமல் வளர்வதற்குப் பெயர் செடியா என்று அம்மா அத்தையைச் சீண்டிக்கொண்டே இருப்பார்.

ஸ்ட்ராபெரி நாற்று, நிறுவனத்துக்காகச் செய்த வேலை. அந்தப் பன்னிரண்டு போத்தல்கள் அத்தையின் சொந்த வேலை. அவற்றில் இருந்தது வெள்ளிநரம்பு என்று எங்கள் லயத்தில் சொல்லும் ஒரு சின்ன மூலிகை. கரும்பச்சை இலையில் வெள்ளிக் கம்பி இழுத்தது போல நரம்பு ஓடும். தேயிலை மலைக்கு மேலே காட்டு ஓடையோரம் அது கிடைக்கும், காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் அரைத்துக் குடிப்போம். பிறகு அதை வாங்குவதற்கென்றே வெளியூர் வியாபாரிகள் வந்தார்கள். கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் வேரோடு பிடுங்கினார்கள். மேலே காய்கறிக்காகக் காட்டை வெட்டியதில் ஒரு மழைக்கு அந்தச் சரிவே கீழே வந்துவிட்டது. சரிவதற்கு முந்திய மாதம் அத்தை மேலே ஏறி மிச்சமிருந்ததைக் கொண்டுவந்திருந்தார். வேலை முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் தங்கி, அந்தப் பன்னிரண்டு போத்தல்களை உண்டாக்கினார்.

பூசைக்கு இரண்டு நாள் முன்னால் ஆய்வுக்கூடத்தில் கரண்டு வேலை தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரை குளிரூட்டி ஓடாது, சுவரெல்லாம் உடைத்துப் போட்டிருந்தார்கள். நிறுவனத்தின் போத்தல்களுக்கு வேறு இடம் கிடைத்தது. அத்தையின் போத்தல்களுக்குக் கிடைக்கவில்லை. மலைக்குளிர் போதும் என்று அவற்றை ஸ்ட்ராபெரிப் பெட்டியில் அடுக்கி வீட்டுக்கே கொண்டுவந்து, கூடத்து அலமாரி மேல் ஜன்னலோரமாக வைத்தார். பதினொரு போத்தலில் நீல ஒட்டுத்தாள். ஒன்றில் மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்புப் போத்தலுக்குள் இருந்த செடி மற்றவற்றைவிடச் சின்னது, இரண்டே இலை.

“கண்ணால பாரு, கையால தொடாத. மூடியத் தொறந்தீன்னா உள்ள இருக்கறது செத்துரும் லா” என்று என்னிடம் தனியாக ஒரு தடவை சொன்னார். வீட்டில் கை சும்மா இராத ஆள் யார் என்று அவருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். “திங்கக்கெழம யூனிவர்சிட்டில இருந்து ஆளுங்க வராங்களாம். போத்தலு சுத்தமா இருந்தா செடிய எடுத்துக்குவாங்க, அதப் பாத்துக்க இவளுக்கும் இங்கயே வேல குடுப்பாங்க. இல்லன்னா ஈப்போ மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடறேன்னு அவளே சொல்லிட்டா.”

ஈப்போ மாப்பிள்ளை அந்த டவுனிலிருந்து இரண்டு தடவை அத்தையைப் பெண் பார்க்க வந்து போனவர். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கெல்லாம் போக வேண்டாம் என்று முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னவர். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அத்தை இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இரவு ஒரே போர்வைக்குள் படுப்பதும் அவரோடுதான், தலை பின்னுவதும் அவர்தான்.

பூசையன்று காலை ஆய்வுக்கூடத்தில் சாமான்களை ஒதுக்க அத்தையைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் தலை மறைந்ததும் அம்மா பெட்டியை இறக்கினார். “எல்லாத்தையும் வெச்சிட்டு அவ தொழில மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்?” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா எதற்கு வம்பு என்று தலையாட்டினார். பன்னிரண்டு போத்தலும் சாமி படத்துக்கு முன்னால், கத்தரிக்கும் என் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவே வரிசையாக உட்கார்ந்தன. ஒவ்வொரு போத்தலுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். சாம்பிராணி காட்டினார், மாவிலையால் தண்ணீர் தெளித்தார். பிறகு லோரிக்குப் பூசை போட எல்லோரும் வெளியே போனார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அப்பா ஏற்றும்போது லயமே கூடி நிற்கும். நான் மட்டும் உள்ளே நின்றுவிட்டேன்.

எனக்கு ஒரு பெரிய சந்தேகம் வந்திருந்தது. தெளித்த தண்ணீர் மூடி மேலேயே நின்றுவிட்டது. புகை கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. உள்ளே இருக்கிற செடிக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை. அதிலும் அந்தச் சிவப்பு ஒட்டு. எங்கள் தமிழ்ப்பள்ளியில் மதிப்பெண் அட்டையில் சிவப்பு மையில் எழுதினால் தேறவில்லை என்று அர்த்தம். எனக்குக் கணக்கில் அந்த அனுபவம் உண்டு. பன்னிரண்டில் பதினொன்று தேறிவிட்டது, இது ஒன்றுதான் தேறவில்லை, இதனால்தான் அத்தை ஈப்போவுக்குப் போகப் போகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். திறந்தால் செத்துவிடும் என்று அவர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் திருநீறு சாமியுடையது, சாமி சாமானுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தோன்றியது.

மூடியைச் சுற்றியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கை நகத்தால் உரித்தேன். மூடியைத் திருகினேன். ஒரு சிட்டிகை திருநீற்றை இரண்டு இலைக்கும் பக்கத்தில் போட்டு, கண்ணை மூடி, “சாமி, இத பாஸ் பண்ண வெச்சிரு” என்று வேண்டிக்கொண்டேன். பிறகு மூடினேன். பிளாஸ்டிக் முன்பு போல் ஒட்டவில்லை. எச்சில் தொட்டு அழுத்திவிட்டு லோரி பார்க்க ஓடினேன். அந்த நிமிடம் வரை எனக்குப் பயமே இல்லை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அத்தை சாயங்காலம் வந்தார். பொட்டு வைத்த போத்தல்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணி, யாராச்சும் தொறந்தீங்களா?” என்றார். பொட்டு மட்டும்தான் வைத்தேன் என்று அம்மா பதறினார். அத்தை என்னைப் பார்ப்பதற்குள் நான் சுண்டல் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். பூசையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்று அம்மா சொல்ல, அத்தை மறுக்க முடியாமல் விட்டுவிட்டார். எதற்கு இவ்வளவு பயம் என்று அப்பா கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. காற்றில் கண்ணுக்குத் தெரியாத பூசணம் இருக்கிறதாம். மூடி திறந்தால் உள்ளே இறங்கிவிடுமாம். இரண்டு மூன்று நாளில் பஞ்சு போல வெள்ளையாக வளர்ந்து செடியை மூடிவிடுமாம்.

வெள்ளிக்கிழமை அத்தை பொட்டுகளைத் துடைத்துப் போத்தல்களை மறுபடி அலமாரி மேல் ஏற்றிவிட்டு வேலைக்கு ஓடினார். நான் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. மறுபடி ஏறினேன். அன்றைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று நாற்காலிக்குத்தான் தெரியும். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை, கண்திருஷ்டி என்று உப்பைச் சுற்றி அடுப்பில் போட்டார்.

சனிக்கிழமை காலை கூழின் மேல் ஊசிமுனை அளவு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. திருநீறுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் அது மிளகு அளவாகிவிட்டது. திருநீறு வளராது. போத்தலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, நீல ஒட்டுப் போத்தல்களை முன்னால் நகர்த்தினேன். ஒன்று போனால் எல்லாமே போய்விடுமோ என்று வேறு பயம். சாமியிடம் போய், வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். அத்தை தலை பின்னிவிடும்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ரிப்பன் எந்த நிறம் வேண்டும் என்று அவர் கேட்டார். நீலம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை பெட்டியில் அடுக்குவதற்காகப் போத்தல்களை ஒவ்வொன்றாக இறக்கினார். சிவப்பு ஒட்டு கையில் வந்ததும் நிறுத்தினார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெள்ளைப் பஞ்சு ஒரு இலையின் மேல் ஏறியிருந்தது. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். “ஏய், நீதானா?”

நான் தரையைப் பார்த்தேன். அத்தையும் என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “இல்ல அண்ணி. நான்தான் மூடிய சரியா போடல” என்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன். அவ்வளவு படித்த அத்தைக்கு இதுகூடக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

அத்தை அப்போதே கிளம்பிப் போனார். மத்தியானம் கரண்டு வந்ததும் அந்தச் செடியில் பூசணம் தொடாத நுனியை வெட்டி, கழுவி, புதுப் போத்தலில் வைத்து, அதற்கும் சிவப்பு ஒட்டே போட்டாராம். மறுநாள் பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து, சுத்தமாக இருந்த பதினொன்றையும் எடுத்துக்கொண்டார்கள். வேலையும் உறுதியானது. ஈப்போவுக்குப் போன் போட்டு அப்பா மன்னிப்புக் கேட்டார். அம்மா கேசரி கிண்டினார். இரண்டு நாள் பட்டினிக்கும் சேர்த்து நான் சாப்பிட்டேன். பன்னிரண்டுக்குப் பதினொன்று, எங்கள் பள்ளியில் அதற்குக் கை தட்டுவார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் அத்தை அந்தப் புதுப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதிலும் வெள்ளை வந்திருந்தது. குழாயடியில் உட்கார்ந்து அதைக் கழுவினார். சிவப்பு ஒட்டு ஊறி விழுந்த பிறகும், கண்ணாடி பளபளத்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். ஒரு ஜேம் போத்தலைக் கழுவ இவ்வளவு நேரமா என்று நான் வாசலில் நின்று யோசித்தேன். வேலை கிடைத்த பிறகும் அத்தை ஏன் கேசரி சாப்பிடவில்லை என்றும் யோசித்தேன். பிறகு விளையாடப் போய்விட்டேன்.

போன வருடம் தானா ராத்தாவில் ஒரு கூட்டத்தில் வெள்ளிநரம்பைப் பற்றி அத்தையைப் பேச அழைத்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். இப்போது நான் ஆசிரியை, சிவப்பு மைப் பேனா என் கைப்பையிலேயே இருக்கிறது. அந்தப் பதினொரு போத்தல்களிலிருந்து வந்த செடிகள் இன்று எத்தனையோ மலைச்சரிவுகளில் திரும்ப நடப்பட்டிருக்கின்றன. படங்களைக் காட்டிக்கொண்டே வந்த அத்தை, சரிந்துபோன எங்கள் மலையின் பழைய படத்தில் நின்றார். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு நீலப் புள்ளி, அந்தப் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி.

அன்று அங்கே மிச்சமிருந்தது இரண்டே செடிகள் என்றார். நீலம் நன்றாகப் பெருகிப் பதினொரு போத்தலானது. சிவப்பு ஒரே ஒரு தடவைதான் தளிர்த்தது. இன்றைக்கு நாம் நட்டிருப்பது அத்தனையும் அந்த ஒரே நீலச் செடியின் பிள்ளைகள், எல்லாம் ஒரே ரத்தம், ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும் என்றார். “இன்னொன்னு என்னோட கவனக்குறைவால போச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, அந்தப் போத்தலைத் திறந்தது நான்தான் என்று காரில் சொன்னேன். முப்பது வயதை நெருங்கிய பிறகுதான் அதைச் சொல்ல முடிந்தது.

“தெரியும் லா. கூழு மேல திருநீறு கெடந்துச்சே” என்றார் அத்தை.

“அப்பறம் ஏன் அத்த என்னைய ஒன்னுமே கேக்கல?”

“நீ ரெண்டு நாளா சோறே திங்கலடி. இன்னும் என்னத்தக் கேக்கறது?”

தேயிலைச் சரிவுகள் ஜன்னலில் போய்க்கொண்டிருந்தன. எட்டு வயதில் சிவப்பு என்றால் தேறவில்லை என்றுதான் எனக்குத் தெரியும். இதற்கு மாற்று இல்லை, இது போனால் போனதுதான் என்பதற்காக அத்தை அந்த ஒட்டைப் போட்டிருந்தார்.