அக்கா கேட்கும் ஒரே கேள்வி: திருவனந்தபுரத்துக்கு ஒரு பகல் பயணம்

சென்ற சனிக்கிழமை திருவனந்தபுரம் போய்வந்தேன். பத்மநாபசுவாமி கோவில், கோவளம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். வட்டியூர்க்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போனேன். இப்படிப் போய்வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் இது.

நாகர்கோவிலில் இருந்து காலை பாசஞ்சர். டிக்கெட் இருபது ரூபாய், எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். மடியில் வடசேரிச் சந்தையில் வாங்கிய மட்டி வாழைப்பழம். பாறசாலை தாண்டியதும் ஒவ்வொரு தடவையும் வரும் அதே ஆசை வந்தது: இன்றைக்காவது அக்கா என்னைச் "சந்திரா" என்று கூப்பிட வேண்டும். அவள் வாயால் என் பெயரைக் கேட்டு ஒன்றரை வருடம் ஆகிறது.

அக்கா பொருளாதார வரலாறு படித்தவள். முனைவர் பட்டத்துக்காகத் திருவனந்தபுரம் வந்தவள், அங்கேயே கல்லூரியில் வேலை பார்த்துத் தங்கிவிட்டாள். மற்றவர்கள் ராஜாக்களின் கஜானாவையும் வங்கிகளையும் ஆராய்ந்தபோது, இவள் தையல் மிஷினும் மின்விசிறியும் குக்கரும் தவணையில் எப்படி வீடுகளுக்குள் வந்தன என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். சாலைக் கடைத்தெரு, பொன்முடி எஸ்டேட் தொழிலாளர்களின் லயக் குடியிருப்புகள், பிற்பாடு தவணையில் செல்போன் வாங்கும் கழக்கூட்டத்து ஹாஸ்டல் பெண்கள். "எவ்வளவு கடன்?" என்று யாரிடமும் கேட்கமாட்டாள். கேட்டால் பொய்தான் வரும் என்பாள். "உங்க வீட்டுக்கு முதல்ல தவணையில வந்த சாமான் எது?" இது ஒன்றுதான் கேள்வி. உடனே பேச்சு பொங்கிவரும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். நானோ அந்தப் பழமொழியை வைத்தே காலம் தள்ளியவள். என் வீட்டில் ஒரு கரண்டி கூடக் கடனில் வந்ததில்லை. அக்காவின் ஸ்காலர்ஷிப் பணத்தில் எனக்கு வந்த லேடீஸ் சைக்கிளைக் கூட, "ரொக்கம் கொடுத்து வாங்கினதாக்கும்" என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அக்காவின் மறதி நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. பொன்முடியில் ஒரு எஸ்டேட் தொழிலாளி வீட்டில் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை வாங்கி, பால் விடாத கட்டன்சாயா குடித்துவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் மறுபடியும் முதலில் இருந்து சொன்னாராம். கூடப் போன மாணவிதான் எனக்குப் போன் செய்து அழுதாள். எழுதிக்கொண்டிருந்த இரண்டாவது புத்தகம் பாதியில் நின்றது.

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கிச் சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். பத்துப் பதினைந்து நிமிடம். அக்காவுக்கு நைட்டி எடுத்துவிட்டு, அவள் முன்பு அடிக்கடி போய் உட்காரும் பாத்திரக் கடையில் தலைகாட்டினேன். திருநெல்வேலிக்காரர் கடை. அவர் காலமாகி, இப்போது மகன் இருக்கிறார்.

"டீச்சர் சுகந்தானே? எங்க அப்பா வாய லேசுல திறக்க வைக்க முடியாது, பாத்துக்கிடுங்க. 'முதல்ல ஒங்க வீட்டுக் கதையச் சொல்லும், பெறவு நான் சொல்லுதேன்'னுட்டாரு. டீச்சர் சிரிச்சுக்கிட்டே என்னமோ சொன்னாங்க. அதுக்கப்பறம் மூணு மாசம் பேச்சுதான்!"

"என்ன சொன்னா?"

"அது எனக்குத் தெரியலியே அம்மா."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் நான் அவளிடம் அதைக் கேட்டதே இல்லை.

அங்கிருந்து ஆட்டோ, மீட்டரில் இருநூற்று முப்பது ரூபாய். "டீச்சர் இன்னு நல்ல மூடாணு சேச்சி" என்று கதவைத் திறந்தாள் நர்ஸ் ஷைனி. இன்றைக்கு அக்கா நல்ல மனநிலையில் இருக்கிறாளாம். அக்கா ஜன்னலோரம் இருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

"இரிங்க. எங்கயிருந்தாக்கும் வாறீங்க?"

"வடசேரி."

"நமக்கும் அங்கதான். உங்க வீட்டுக்கு முதல்ல தவணையில வந்த சாமான் எது?"

வழக்கமாக "ஒண்ணும் இல்லக்கா" என்பேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இந்தத் தடவை, "நீங்க முதல்ல சொல்லுங்க" என்றேன். அக்காவை நீங்க என்று சொல்ல வாய் கூசியது.

அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "சைக்கிளு. எந் தங்கச்சி சந்திராவுக்கு. பாவம், காலேஜுக்கு நடந்தாக்கும் போவா."

என் பெயர்! கேட்டுவிட்டேன். "அது ஸ்காலர்ஷிப் பணத்துல வாங்கினதுல்லா?"

"ஸ்காலர்ஷிப்பா? அது மெஸ்ஸுக்கே காணாது. அவகிட்ட அப்படிச் சொல்லி வச்சிருக்கேன்." கிட்டே குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் ரெண்டு தவணை பாக்கி உண்டு. அவகிட்ட சொல்லிராதீங்க. ரோஷக்காரி. தெரிஞ்சா ஏறவே மாட்டா."

"சந்திரா இப்ப எங்க?"

"காலேஜுக்குப் போயிருக்கா. இப்ப வந்திருவா."

பழத்தை உரித்துக் கொடுத்தேன். பாதியைச் சந்திராவுக்கு என்று எடுத்து வைத்தாள். திரும்பும் ரயிலில் நெய்யாற்றின்கரை வரைக்கும் அழுதேன், பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

போகிறவர்களுக்கு: பார்வை நேரம் இல்லத்துக்கு இல்லம் மாறும், முதல் நாளே போன் செய்துவிடுங்கள். ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லுங்கள். பழம் மெத்தென்று இருக்கட்டும். "என்னைத் தெரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அது அவர்களுக்குப் பரீட்சை. அவர்கள் ஆயுசு முழுக்க எதைக் கேட்டார்களோ, அதை அவர்களிடமே கேளுங்கள்.

அக்காவின் மாணவிகள் சிலர் இதைப் படிப்பீர்கள். அவளைப் பார்க்கப் போனால் ஒரு உதவி செய்யுங்கள். சைக்கிள் விஷயம் சந்திராவுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.