பூதத்துக்குப் போன கும்பிடு

“மூச்சை அடக்காதப்பா, கதையைக் கேளு” என்று சொல்லிக்கொண்டே எலும்பு வைத்தியர் தோமியே அம்மாள் தபால்காரரின் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தம் பக்கம் இழுக்கிறார். பனி உறைந்த சாலையில் வண்டியோடு சறுக்கி விழுந்து, தோள்மூட்டு நழுவி வந்திருக்கிறார் மனிதர். முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாளோ அவர் தோளைப் பார்ப்பதாகவே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே காக்கைச் சிகரத்தைப் பார்த்தபடி, நானூறு வருஷத்துக்கு முன்னால் வாள்சண்டையில் தோற்றுப்போன ஜின்னாய் என்ற வீரர் அந்த மலையில் ஏறிப் பட்டினி கிடந்த கதையைச் சொல்கிறார். விடிகிற நேரம். மூடுபனி. அதற்குள்ளிருந்து முதலில் ஒரு மூக்கு வருகிறது, முழ நீளத்துக்கு. “அந்த மூக்குக்குப் பின்னாடி...” என்று அம்மாள் குரலைத் தாழ்த்த, தபால்காரர் வாயைப் பிளக்க, ‘டக்’கென்று ஒரு சத்தம். தோள் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

கதையும் அதோடு சரி. அம்மாள் வாயால் மீதியைக் கேட்டவர் ஒகினோசாவா ஊரில் யாரும் கிடையாது. தெரிய வேண்டுமானால் அம்மாள் வீட்டு அடுத்த கட்டில் இருக்கும் பயிற்சிக்கூடத்து வாசல் பலகையில் போய்ப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். நெடுமூக்குப் பூதம் வந்தது, ஜின்னாயின் கையைத் தோளிலிருந்து கழற்றியது, திரும்ப மாட்டியது, அந்த வலியிலேயே ஜுஜுத்சு என்ற வெறுங்கைச் சண்டை வித்தை முழுவதும் அவருக்கு விளங்கிவிட்டது என்று எழுதியிருக்கும். முதல் பனி விழுந்ததும் கூடத்துக்காரர்கள் எல்லோரும் மலையேறிப் பூதத்தின் கோயிலில் சாக்கே என்ற அரிசி மதுவை ஊற்றிக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். இறங்கும்போது இவாசேயின் பலகாரக் கடையில் மூக்கு வைத்த பயற்று உருண்டை வாங்காமல் வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

அம்மாளிடம் இன்னொரு விசித்திரமும் உண்டு. வலி தீர்ந்தவர்கள் பாயில் மண்டியிட்டு நன்றியோடு குனிவார்கள் அல்லவா, அந்த நேரம் பார்த்து அம்மாள் அரை ஆள் அளவுக்கு ஒதுங்கிக்கொள்வார். கும்பிடு அவர் மேல் படாமல் பக்கத்தில் போய் விழும். கூச்சம் என்று சிலர் சொன்னார்கள், கர்வம் என்று சிலர். அவர் கணவர் குமாஜிரோ மட்டும், “அவளுக்கு முட்டிவலி, நகர்ந்து உக்கார்றா” என்று பேச்சை முடித்துவிடுவார்.

ஆள் குள்ளம். வயது ஐம்பத்தெட்டு. கையை எப்போதும் வெந்நீரில் நனைத்துச் சூடாக வைத்திருப்பார். காலையில் வைத்தியம், மாலையில் வித்தை. இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதக் கதவுதான். மாலையில் அவர் முறுக்கிய கையோடு காலையில் அவரிடமே வந்து நிற்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வைத்தியத்தோடு திட்டும் கிடைக்கும். மீன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தே, “இடது பக்கமா படுக்காதேன்னு சொன்னேனா இல்லையா?” என்று ஆரம்பிக்கிற ரகம்.

அந்த மாலைக்கூட்டத்திலேயே மகா மோசமான மாணவர் முரோய் வாத்தியார். பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர், அம்மாளைவிடக் கொஞ்சம் மூத்தவர். யார் தள்ளினாலும் விழுவார், எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு நன்றி சொல்வார். வாசல் பலகை மழையில் உளுத்துப்போனதால் புதிதாக எழுதி வைக்கலாம் என்று ஊர் முடிவு செய்து வாசகத்தை இவர்கள் இருவரிடமும் விட்டது. அங்கே பிடித்தது வினை.

வாத்தியார் இலையுதிர்காலம் முழுக்கக் கல்லறைக் கற்களின் பாசியைத் தேய்த்து எழுத்தைப் படித்துக்கொண்டு திரிந்தார். பிறகு பார்லித் தேநீரை ஆற்றியபடி மெதுவாகச் சொன்னார்: “கதை நல்லாத்தான் இருக்கு தோமியேம்மா. ஆனா நானூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பள்ளத்தாக்குல மரந்தான் இருந்திருக்கு, மனுஷன் இல்ல.” ஜின்னாயின் கல் இருக்கிறது, அதற்கு வயது இருநூறுதான். அதில் வீரருக்குரிய பட்டம் எதுவும் இல்லை. பக்கத்துப் பள்ளத்தாக்குப் பயிற்சிக்கூடம் தங்களுக்கு நாகம் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லி ஆள் சேர்த்த காலத்தில்தான் ஜின்னாயின் பேரன் இந்தப் பூதத்தை மலையிலிருந்து இறக்கியிருக்க வேண்டும் என்பது வாத்தியாரின் கணிப்பு.

அம்மாள் சண்டைக்கு வருவார் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். அம்மாளுக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. முப்பது வருஷமாக மனசுக்குள் வைத்திருந்ததை அன்றுதான் வெளியே எடுத்தார். தம் கூடத்தில் கற்றுத்தரும் பிடி ஒவ்வொன்றும் நழுவிய மூட்டைச் சேர்க்கிற வேலையைத் தலைகீழாகச் செய்தது என்றார். எலும்பு தெரிந்த ஒருவர்தான் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியும். கையைக் கழற்றி மாட்டியது பூதம் இல்லை, ஜின்னாயின் தோள் நழுவியிருக்கிறது, யாரோ ஒரு வைத்தியர் அதைச் சேர்த்திருக்கிறார். ஆணோ பெண்ணோ, அந்த ஆளைப் பலகையில் எழுத வேண்டும் என்றார்.

“ஆதாரம்?” என்று கேட்டார் வாத்தியார்.

“என் கை சொல்லுது.”

“கை சொல்றதையெல்லாம் பலகையில எழுத முடியாதும்மா.”

அவ்வளவுதான். அம்மாள் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பனிக்காலம் முழுக்க வாத்தியாரிடம் பேச்சு இல்லை. பயிற்சியில் மட்டும் அவரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓங்கியே தூக்கிப் போட்டார்.

கோபத்துக்குக் காரணம் ஆதாரம் இல்லை, நன்றி. கல்யாணமான புதிதில் ஒரு பெரும்பனியில் சாலை அடைபட்ட நாளில், குமாஜிரோ காட்டில் மரம் சாய்ந்து தோள் நழுவிக் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. அப்போதுதான் வைத்தியம் கற்று முடித்திருந்த அம்மாள் தாமே அதைச் சேர்த்தார். குமாஜிரோ இன்றைக்கும் அதே கையால் மரம் வெட்டுகிறார், அந்தி சாய்ந்தால் முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். யாரோ எப்போதோ யாருக்கோ சொல்லிக்கொடுத்த வித்தை அல்லவா தம் வீட்டு விளக்கை எரிய வைத்திருக்கிறது என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாளுக்கு நெஞ்சு நிறையும். அந்த யாரோவுக்கு ஊற்ற வேண்டிய சாக்கே எல்லாம் மூக்கனுக்குப் போகிறதே என்ற ஆற்றாமையும் கூடவே வரும்.

பனி உருகத் தொடங்கிய ஒருநாள் அவரே வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“யோசிச்சுப் பாத்தேன் வாத்தியாரே. பூதத்தை இறக்கிட்டு அந்த எடத்துல என் ஆளை ஏத்தினா, அதுவும் இன்னொரு பூதந்தான். நீங்க சொன்னதுதான் சரி. ஆனா ஒண்ணு, நன்றி சொல்லணும்னா விலாசம் வேணாமா?”

வாத்தியார் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பிறகு, “விலாசம் தெரியலைன்னு எழுதலாம். அதுக்கு ஆதாரம் நெறைய இருக்கு” என்றார்.

அப்படியே எழுதினார்கள். பூதத்தின் கதை முதலில், கதை என்று சொல்லியே. ஜின்னாய் என்ற ஒருவர் இருநூறு வருஷத்துக்கு முன் இங்கே வாழ்ந்தார் என்பது அடுத்து. கடைசியில் ஒரு வரி: ‘அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று தெரியவில்லை.’ தெரியவில்லை என்று எழுதின பலகையைப் பார்க்க எவன் வருவான் என்று பலகாரக் கடை இவாசே ஒருவாரம் புலம்பிப் பார்த்தார். மூக்கு முதல் வரியிலேயே இருப்பதைக் காட்டிய பிறகு அடங்கினார்.

பலகையை மாட்டிய அன்று, அது கோணலாக நிற்கிறது என்று வாத்தியாரே முக்காலியில் ஏறினார். பலகை நேராயிற்று, வாத்தியார்தான் ஈரத் தரையில் வந்து விழுந்தார். வலது தோள். கைத்தாங்கலாகக் காகிதக் கதவுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டார்கள். அம்மாள் கையை வெந்நீரில் நனைத்துக்கொண்டு வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

“எனக்குக் கதை வேணாம். எல்லாம் தெரியும்” என்று முனகினார் வாத்தியார்.

“தெரிஞ்சா என்ன, கேளுங்க. ஐநூறு வருஷத்துக்கு முன்னால...”

“நானூறுன்னுதானே சொல்லுவீங்க? அதுவே தப்பு, இருநூ...”

டக்.

அம்மாள் அவர் கையை மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டு எதிரே அமர்ந்தார். வாத்தியார் மெல்ல எழுந்து மண்டியிட்டார். குனியவில்லை. அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கூரையிலிருந்து உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது. தாம் ஒதுங்குவதற்குத்தான் காத்திருக்கிறார் என்று அம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. இந்த முறை அரை ஆள் அளவு அல்ல, ஒரு முழுப் பாய் அகலத்துக்கு விலகி உட்கார்ந்தார்.

வாத்தியார் இடது கையை ஊன்றி, எதிரே யாருமில்லாத பாயை நோக்கி நெற்றி தரையில் படும்வரை குனிந்தார்.